அப்பா வாங்கி வைத்த இரண்டாவது டிரைவ்

ஸ்தாரா ஜகோரா,
செவ்வாய்க்கிழமை

ஓகி, என் செல்லமே,

அங்கே கால்கரி குளிரில் நீயும் உன் வீட்டாரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நடமாடிக்கொண்டிருக்கிறது. அப்பா இறந்த நாற்பதாம் நாள் சடங்கு ஞாயிறன்று முடிந்தது, கோதுமை அவித்துச் சர்க்கரை தூவி எல்லார் கையிலும் கொடுத்தேன், வாசல் கதவில் அவர் படம் போட்ட புது நினைவு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, அதைத் தாண்டித்தான் தினமும் ரொட்டி வாங்கப் போகிறேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆலையை மூடினபோது நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அந்தப் பழைய கம்ப்யூட்டரை அப்பா குளிர்காலம் முழுக்கப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். துருவைத் துடைத்து, வீங்கிப்போன கண்டென்சர்களை மாற்றி, திரையில் வெளிச்சம் வந்துவிட்டது, டிஸ்க் போடும் டிரைவ் மட்டும் அசையவில்லை. அது ஆலையில் நான் பாகம் பாகமாகப் பூட்டிய டிரைவ், பத்தொன்பது வருஷம் அதுதானே என் வேலை. அதே வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்த கீழ்வீட்டுப் பென்கா மாடிப்படியில், “ஏண்டி சோன்கா, நான் பூட்டினதா இருந்தா இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்” என்று சிரித்தாள், எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பாவோ அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைக்கப் புதுசாக ஒன்றைத் தபாலில் வரவழைத்தார், அதில் டிஸ்க்கே கிடையாது, பென்டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் அதையே டிஸ்க் என்று நம்பிக்கொள்ளுமாம். உன் பழைய டிஸ்க்குகளைச் சோபியா நகரில் ஒருவரிடம் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றியும் வைத்திருந்தார். பதினாலு வயசில் நீ கம்ப்யூட்டரில் எழுதின டிராலி பஸ் விளையாட்டைப் பார்க்க வேண்டுமாம், வந்து பாருப்பா என்று நீ கூப்பிட்ட அன்று பஸ் ஓட்டிக் களைத்து வந்தவர், நாளைக்கு என்று சொல்லிப் படுத்துவிட்டாராம், அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. புது டிரைவில் நாலு கம்பிக்கு சால்டரிங் வைக்க வேண்டும், அவர் கை நடுங்கியது, நீ வைத்துக் கொடேன் என்றார். நான், “என் கையால பூட்டினதைப் பிடுங்கிப் போட்டுட்டு, இந்தப் பொம்மைக்கு நானே சால்டரிங் வைக்கணுமா? வேற ஆளைப் பாருங்க” என்றேன். அவர் தானே வைத்துப் பார்த்துக் கருக்கிவிட்டார். பிறகு ஒரு மாசம்கூட இருக்கவில்லை.

நேற்று மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது அதே மாதிரி இன்னொன்று கிடைத்தது, உறைகூடப் பிரிக்காமல். தபால் முத்திரையைப் பார்த்தேன், முதலாவது கருகிய அதே வாரம். பென்காவைக் கூப்பிட்டேன், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கேலி ஒன்றும் பேசவில்லை. கால் மணி நேரம் ஆகவில்லை ஓகி, கை எதையும் மறக்கவில்லை. பென்டிரைவைச் செருகியதும் உன் பஸ் திரையில் நின்று நின்று ஓடியது, ஓட்டுகிற இடத்தில் மீசை வைத்த ஒரு தலை. நீ அப்பாவைத்தான் வரைந்திருக்கிறாய் என்று அப்பாவுக்கும் எனக்கும் இத்தனை வருஷம் தெரியாமலே போயிற்று.

தேவமாதா உங்கள் வீட்டை நிழல்போலக் காக்கட்டும், நல்லதே கண்ணில் படட்டும். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ஆறாம் மாத அறிவிப்புக்கு அப்பா சிரிக்கிற படம் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

உன் அம்மா
சோன்கா

அந்த இரண்டாவதை அவர் மூன்று வாரம் தொடாமலே வைத்திருந்தாரே, நான் மனசு மாறி வருவேன் என்றா காத்திருந்தார்?