புற்றுக்குப் போன பால்

தினகரா, காஹாங் ஊர்ல இருக்குற பெரியம்மாவைப் பாக்கப் போறேன், சாயங்காலம் வந்துடுவேன். சாவி செருப்பு அலமாரியில இருக்கு.

எடை கூடணும், தசை ஏறணும்னு ரெண்டு மாசமா தினமும் உனக்கு ஒரு போத்தல் பால் வாங்குறேன். போத்தல் காலியாவுது, நீ மட்டும் அப்படியே இருக்கே. நேத்து பூசாரி என்னைப் பாராட்டுறாரு: "உங்க பையனுக்கு என்ன பக்திம்மா, தினமும் பாம்புப் புத்துக்குப் பால் ஊத்துறான்." எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு வேலைக்கு எடை பாக்குறாங்க. இன்னும் ரெண்டு கிலோ குறையுது. அன்னைக்குத் தராசுல ஏறப்போறது நீயா, அந்தப் பாம்பா?

அம்மா

பால் குமட்டுதுன்னா வாயத் திறந்து சொல்லலாம்ல. நாலு முட்டை அவிச்சு வச்சிருக்கேன். புத்துக்கு முட்டையும் வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அதனால உரிச்ச முட்டை ஓடு நாலையும் மேசையிலேயே வை.