இயந்திரத்துக்கு விசா கிடைத்தது

மார்ச் 3
படத்தின் கதையை இயக்குநர் இன்றுதான் முழுதாகச் சொன்னார். எதிர்காலத்தில் ஒரு பணக்கார நாடு. அதற்கு வேலை நடக்க வேண்டும், வேலைக்காரர்கள் வேண்டாம். எல்லையில் இயந்திரங்களை மட்டும் உள்ளே விடுவார்கள். ஆட்கள் இயந்திரத்துக்குள் ஒளிந்து போய் உழைப்பார்கள்.

இயந்திர உடையைச் செய்தவன் நான். உள்ளே நடக்கப் போவதும் நான். முதல் பாதி படப்பிடிப்பு, என் மனைவி நர்ஸாக இருக்கும் வெளிநாட்டு ஊரில். அவளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

கதை பிரமாதம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19
தூதரகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "என்ன வேலை?" என்றார்.

"இயந்திரமா நடிக்கிறேன்."

"மனைவி அங்கதான் இருக்காங்களா? அப்போ நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்விதான்.

மார்ச் 27
எனக்கு விசா இல்லை. உடைக்கு ஒரே நாளில் அனுமதி - சரக்கு என்ற பெயரில். மரப்பெட்டியில் பஞ்சு அடைத்து அனுப்பினோம். 'கவனமாகக் கையாளவும்' என்று நானே எழுதினேன்.

ஏப்ரல் 6
எனக்குப் பதிலாக அங்கே பிடித்த முதல் ஆள் உடைக்குள் நுழையவே இல்லை. இரண்டாமவர் நுழைந்தார், வெளியே எடுக்க அரைமணி. என் அளவுக்கே செய்த வினை.

"தகரம், உன் சைஸ்ல இந்த ஊர்ல யாருய்யா இருக்கா?" என்று போனில் இயக்குநர். உடையைச் செய்த நாளிலிருந்து அவருக்கு என் பெயர் தகரம்.

ஒருத்தி இருக்கிறாள். எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் உயரமாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு செங்கல். சொல்லலாமா? மானம் போனால் போகட்டும் - சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8
அவளுக்கு இன்று லீவு. போனிலேயே நடை சொல்லிக் கொடுத்தேன். முழங்காலை மடக்காதே, தோளைத் தொங்கவிடாதே.

"நேத்து பன்னெண்டு மணி நேரம் வார்டுல நின்ன காலு. அது எப்படி நடக்குதோ அப்படித்தான் நடக்கும். ஃபோனை வைங்க."

பிறகு இயக்குநர் கூப்பிட்டார். "இதுதாம்ப்பா நடை. நீ இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்த?"

ஏப்ரல் 9
நான் செய்த தகரம் அவளைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நான் இங்கே.

மே 2
மீதிப் படப்பிடிப்பு இந்த ஊரில். நான் தயாராகத்தான் இருந்தேன். நடை மாறினால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அவளே வர வேண்டுமாம். புருஷனைப் பார்க்க என்று இரண்டு முறை கேட்டும் கிடைக்காத விடுப்பு, இயந்திரமாக நடிக்க என்றதும் மூன்று வாரம் கிடைத்திருக்கிறது.

வேலை பறிபோனவன் இப்படிச் சிரித்துக்கொண்டு அலையக் கூடாது.

மே 14
உடையை மாட்டிவிடுவதுதான் இப்போது என் வேலை. காலையில் மார்புத் தகட்டின் திருகாணியைப் பழைய வேகத்தில் முடுக்கினேன்.

"மெதுவாங்க," என்றது இயந்திரம். "உள்ள ஆள் இருக்கு."