பாய் தூக்கிய மேசை

14-9-86, ஞாயிறு.

இன்று எங்கள் கூட்டத்தின் விதியை நானே மீறினேன். யோசனை கொண்டு வந்தவர் அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது. மாட்டுங்காவில் கமலா டீச்சர் வீட்டில் இரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. விதியைப் போட்டவனும் நான்தான்.

காசிம் பாயின் தாராவிப் பட்டறையில் தோல் பை தைக்கிற ஆறு பேரும் ராத்திரி அங்கேயே படுக்கிறார்கள். இடம் போதவில்லை. வேலை முடிந்ததும் பெரிய மேசையைச் சுவரோடு மடக்கிவிடலாம் என்று படம் போட்டுக் காட்டினேன்.

பாய்தான் திருப்பிச் சொன்னார். "நாலு மூலையிலயும் சங்கிலி போட்டு மேசைய மேல தூக்கிரணும். கீழ நாலு பேரு, மேசை மேல ரெண்டு பேரு படுத்துக்கிடலாம். நல்லா யோசிச்சிருக்கிய சார்."

"நான் அப்படியா சொன்னேன்? படத்தைப் பாருங்க பாய்" என்று வெடித்துவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பாய், "எனக்கு வெளங்கல, மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செம்பூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மடக்கினால் தரை மட்டும் கிடைக்கும். தூக்கினால் தரையோடு மேலே இரண்டு படுக்கையும் கிடைக்கும். மூன்று வாரம் ஸ்கேல் வைத்து வரைந்த எனக்கு அது தோன்றவில்லை.

அது தன்னுடைய யோசனை என்று பாய்க்குத் தெரியாது. என்னுடையது என்று நினைத்துத்தான் பாராட்டினார்.