வேப்பிலையும் கண்ணாடிக் குழாயும்

என் வளர்மதி அக்காவுக்கு,

உன் மகள் பிழைத்துவிட்டாள். மற்றதெல்லாம் அப்புறம். நீ முதலில் கேட்பது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று உன் வீட்டுக்காரர், நம்ம மாமா, போன் செய்தார். விழுப்புரத்தில் தையல் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் போனேன். கிளியனூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற அதே கொல்லைதான். வெயில் ஏறுவதற்குள் உன் மகள் தேன்மொழியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது.

அவளை யார் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? உன் மாமனார் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் என்று வானூர், வளவனூரில் இருந்தெல்லாம் இன்னும் தேடி வருகிறார்கள். விபூதித் தட்டு, ஒரு கொத்து வேப்பிலை, அதே சோதனை. இலை கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது. தேனு மென்று பார்த்துவிட்டுக் கசக்குது தாத்தா என்றாள். சுற்றி நின்றவர்களுக்கு நிம்மதி வந்துவிட்டது.

உன்னைப் பாம்பு கடித்த அன்றைக்கும் இதே தட்டு, இதே இலை. நீயும் அதைத்தானே சொன்னாய்? கசக்குது என்றதும் பயமில்லை என்று உன்னை நிழலில் படுக்க வைத்தார்கள். தேனு உன் மேல் ஏறித் தவழ்ந்துகொண்டிருந்தாள். பொழுது சாயும்போது உன் ஈறில் ரத்தம் கசிந்தது. மறுநாள் நீ இல்லை.

இத்தனை வருஷமாக உன்னிடம் கேட்க நினைத்தது ஒன்று உண்டு. உண்மையிலேயே கசந்ததா அக்கா? இல்லை, மாமனார் எதிரில் நிற்கிறாரே, அவர் மந்திரம் பலிக்கவில்லை என்று ஆகிவிடக் கூடாதே என்று சொன்னாயா? அந்த வீட்டில் வயிறு நிறைந்ததா என்று கேட்டால்கூட மாமியார் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவள் நீ.

இந்தத் தடவை நான் போனை எடுத்து 108-க்குச் சொன்னேன். மெயின் ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள், வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். உன் மாமனார் எழுந்து வழியை மறித்தார்.

"மந்திரம் பாதில நிக்குது. பொட்டச்சி பேச்சக் கேட்டுக்கினு வாசப்படி தாண்டுனா, அப்புறம் எது நடந்தாலும் என்னக் கேக்காதீங்க."

தேனுவைத் தூக்கும்போது தட்டு என் காலில் பட்டுக் கவிழ்ந்தது. கவிழட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். உன்னைப் படுக்க வைத்த அன்றைக்கு வாயடைத்து நின்ற அதே மனுஷன்.

"வேணாம்ப்பா. உன்ன நம்பி ஒருத்திய உட்டுட்டேன்," என்றார். என் பக்கம் திரும்பி, "சாந்தி, வண்டிய எடு. ஜல்தி."

நடுவில் அவளை உட்கார வைத்து மாமா பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார். ரோட்டுக்கு வந்ததும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அவர்களும் ஒரு சோதனை செய்தார்கள் அக்கா. கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிஷம் வைத்தார்கள். அப்புறம் நர்ஸ் அதைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. விஷம் ஏறியிருக்கிறது என்று உடனே மருந்தை ஏற்றினார்கள். நாக்கு பயந்து என்ன வேண்டுமானாலும் சொல்லும். ரத்தத்துக்கு மாமனார் இல்லை.

அந்த மருந்து எப்படிச் செய்கிறார்கள் என்று நர்ஸைக் கேட்டேன். பாம்பின் விஷத்தையே குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் இருந்து எடுப்பார்களாம். நீ அய்யனார் கோயில் மண்குதிரையை எத்தனை தடவை சுற்றி வந்திருப்பாய்! நிஜக் குதிரை ஒன்று உனக்கும் உதவியிருக்கும்.

கோபம் எங்கே வருகிறது தெரியுமா? பாம்புக்கடிக்கு ஊசி அன்றைக்கும் திண்டிவனத்தில் இருந்தது. நம் வீட்டில் போன் இல்லை, வண்டி இல்லை என்று சொல்லலாம். பஸ் ஓடிக்கொண்டுதானே இருந்தது? இன்றைக்குப் போனும் வண்டியும் கையில் இருக்க, நான் உன் மாமனாரின் உத்தரவுக்காகக் காத்து நின்றிருந்தால், மருந்து ஆஸ்பத்திரிப் பெட்டியிலேயே இருந்திருக்கும். யார் யாரோ எங்கெங்கோ படித்துக் கண்டுபிடித்த மருந்து நம்மை வந்து சேர, நம் வீட்டு வாசப்படியைத் தாண்ட ஒருத்திக்கு உரிமை வேண்டியிருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை. நீ போனபோது தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் காரியம் முடிந்த கையோடு அதே தட்டை எடுத்து வைத்து அடுத்தவருக்கு மந்திரித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேனு கண் விழித்துத் தெளிந்ததும் ஆஸ்பத்திரி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "தூ, கசக்குது சித்தி," என்றாள். மாமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம், அப்படியே அழுதோம்.

இப்போது உன் மாமனாரிடமிருந்து புது வம்பு. மந்திரத் தட்டைக் காலால் தட்டியதற்கு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் தேங்காய் உடைத்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உன் வீட்டுப் படி ஏறக் கூடாதாம்.

போகிறேன் அக்கா. மன்னிப்புக் கேட்க இல்லை. உன் போட்டோவை எடுத்துக்கொண்டு போகிறேன். விதி முடிந்தது, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே இவ்வளவு காலமும் ஊர் சொல்லி வந்தது. நீ கசக்குது என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாய் என்பதை எல்லார் முன்னாலும் முதல் தடவையாகச் சொல்லப்போகிறேன்.

தேனுவும் வருகிறாள். கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை, வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "நீ அம்மாவப் பத்தி சொல்லு சித்தி. எனக்கும் கசந்துது, ஆனாலும் வெஷம் இருந்துதுன்னு நான் சொல்லிக்கிறேன்," என்கிறாள். யார் முகத்தையும் பார்த்துப் பதிலை மாற்றிச் சொல்லத் தெரியாத பெண்ணாக அவளை வளர்த்திருக்கிறோம்.

வீக்கம் வற்றியதும் அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பேன். இனி பாம்பு கடித்த யாரையும் உன் மாமனார் வாசலில் உட்கார வைத்து வேப்பிலையை மெல்லச் சொல்ல விடமாட்டேன். உன் மேல் சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தியும்,
நீ இல்லாமல் வளர்ந்துவிட்ட உன் தங்கையும் ஆன,
சாந்தி