ஹத்தா ஏரிக்கரையில் லீவு

ஹத்தா, துபாய், 10.4.2009

அன்புள்ள கனகாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? கல்யாணப் பெண் ஜோதிமணி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நாங்கள் தங்கும் கம்பெனி கேம்ப்பில் கரண்ட் இல்லை. அதனால் தண்ணீர் லாரியில் ஏறி, நானும் என்னோடு வேலை பார்க்கும் பாண்டித்துரையும் இந்த மலை ஏரிக்கு வந்து படுத்திருக்கிறோம். காற்று நன்றாக இருக்கிறது. சுற்றிலும் கூடாரம் போட்டுக் கறி சுடுகிறார்கள். பக்கத்துக் கூடாரத்துத் தமிழ் அம்மா எங்களுக்கு ரொட்டி கொடுத்து, "எத்தனை நாள் லீவு அண்ணே?" என்று கேட்டார்.

"எங்க பாஸ்போர்ட்டோட ஓடுன மொதலாளி திரும்பி வந்தாத்தாம்மா தெரியும்" என்று பாண்டித்துரை சிரித்தான். நீ பயப்படாதே.

ஏரியில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது. வைகாசியில் நம் மகளை என் அண்ணனும் அண்ணியுமே தாரை வார்த்துக் கொடுக்கட்டும். எனக்காக நாளைத் தள்ள வேண்டாம்.

லாரி கிளம்புகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

பொன்னுச்சாமி