நாற்று வாங்கும்போது வாயைத் திறக்காதே

யெகோர்,

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. புருவத்துக் காயத்தின் கட்டை இன்று அவிழ்க்காதே. செடித் தொட்டியை உன் மண்டையைப் பார்த்துத்தான் எறிந்தேன், கை தவறி அல்ல.

உறைபனியில் ஜன்னலை அகலத் திறந்து சிகரெட் பிடித்துவிட்டு, மூடாமல் வேலைக்குப் போனவனை வேறு என்ன செய்வது? பிப்ரவரியிலிருந்து விளக்குப் போட்டு, தண்டு தடிக்கட்டும் என்று தினமும் உள்ளங்கையால் வருடி வளர்த்த தக்காளி நாற்று. நான் வந்து பார்க்கும்போது பாதி, வெந்த கீரை மாதிரி சாய்ந்து கிடந்தது. "செடிதானே லீதா, மறுபடி போட்டா முளைச்சிட்டுப் போகுது" என்றாய். அதற்குத்தான் முதல் தொட்டி, நாற்றோடு சேர்த்து. இரண்டாவது தொட்டி ஜன்னல் கண்ணாடியை உடைத்தது, அந்தச் சில்லு என் கையைக் கிழித்தது.

பிழைத்த நாற்று சமையலறை ஜன்னலில் இருக்கிறது. அந்த ஜன்னல் கொக்கியைத் தொட்டால் விரலை முறிப்பேன்.

கீழ்வீட்டுக் கிளாவா குடைமிளகாய் நாற்று கொண்டுவருவாள். போன வருஷம் அவளிடம் "ரொம்ப நன்றிங்க" என்று பல்லிளித்தாய், ஒன்றுகூடத் தேறவில்லை. நன்றி சொல்லி வாங்கிய நாற்று வேர் பிடிக்காது என்று ஊருக்கே தெரியும், உனக்குத்தான் மண்டையில் ஏறாது. வாங்கு, கதவைச் சாத்து.

லீதா

பி.கு. நெற்றியில் ரத்தம் வழிய வழிய, முதலில் என் கைக்குத்தான் கட்டுப் போட்டாய். பிறகு தரையில் சிதறிய நாற்றைப் பொறுக்கி, தயிர் டப்பாக்களில் கழுத்தளவு மண்ணில் நட்டிருக்கிறாய். காலையில் பார்த்தேன், நிமிர்ந்து நிற்கிறது. இதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்தான்.

சொல்ல மாட்டேன். இதாவது வேர் பிடிக்கட்டும்.