ப்ளக் என்றால் ஈரக்குலை

அன்புள்ள அம்மாவுக்கு, சிவபாண்டி எழுதுவது. அயர்லாந்துக் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி தேவலையா?

போன வாரம் கறித் தொழிற்சாலையில் கத்தி லேசாக விரலில் பட்டுவிட்டது. பயப்படாதே, தையல் ஆறிவிட்டது. கட்டோடு மறுபடி வேலைக்கு நின்றதைப் பார்த்த பெண் சூப்பர்வைசர், எனக்கு 'ப்ளக்' அதிகம் என்றார். அப்படியென்றால் தைரியமாம். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடுங்கி எடுக்கிறோமே, அதற்கும் அதுதான் பெயர். தைரியம் அங்கேதான் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம்.

நம் ஊரில் அது ஈரக்குலை. நமக்கு அது பதறத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அப்பா இறந்த அன்று, வர முடியாமல் நான் போனில் அழுதபோது நீதானே எனக்குத் தைரியம் சொன்னாய்: "ஈரக்குலையே அந்து போச்சுய்யா. நீ அழுவாத, நாங்க பாத்துக்கிறோம்."

ஒத்தக்கடையிலிருந்து தங்கச்சி வந்தால் கொஞ்சம் மல்லிப்பொடி அனுப்பச் சொல். வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

கறி எடுக்கும் நாளில் எனக்கும் அப்பாவுக்கும் ஈரலை வைத்துவிட்டு, நீ குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வாய். இப்போது நாங்கள் இருவருமே அங்கே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஈரலை நீ சாப்பிடு அம்மா.